சாய்ந்து விழுந்த அலுமினிய டிப்பர் பாடி: எங்கே வெட்டலாம், எங்கே சூடே படக் கூடாது

கேள்வி இது: டிராக்டர் (முன் இன்ஜின் வண்டி) இழுக்கும் டிப்பர் டிரெய்லர். எஃகு சேசிஸ், அதன் மேல் 9 மீட்டர் அலுமினிய பாடி, முன்பக்கம் டெலஸ்கோப்பிக் ஜாக்கி. மீஞ்சூர் பக்கம் பள்ளம் நிரப்ப ஈரச் சாம்பல் கொட்டும்போது, பாடி முக்கால் உயரம் எழும்பிய நிலையில் இடப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இடப்பக்க மேல் ரெயில் இரண்டு இடத்தில் மடிந்திருக்கிறது, பக்கத் தகடு பிதுங்கியிருக்கிறது, பின்பக்கக் கீல் ஒன்று கோணலாகத் தெரிகிறது. வண்டி மாதவரத்தில் ஷெட்டில் நிற்கிறது. ஒரு பட்டறையில் சூடு காட்டி நிமிர்த்திவிடலாம் என்கிறார்கள். இன்னொருவர் எடைக்குப் போட்டுவிடுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் பேச்சையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நீங்கள் சொல்கிற சேதம் சரிசெய்யக்கூடிய வகை. ஆனால் கேஸ் கட்டரை வைத்துச் சூடு காட்டி நிமிர்த்தினால், சரிசெய்யக்கூடிய பாடியை நீங்களே கையால் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புகிறீர்கள். எஃகு பாடியில் பழகிய டிங்கர் வேலையை அப்படியே அலுமினியத்துக்குக் கொண்டுவருவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. காரணத்தை முதலில் புரிந்துகொண்டால், மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்தே வரும்.

அலுமினிய பாடியில் பொதுவாக இரண்டு குடும்பத்து உலோகம் இருக்கும். தரை, பக்கம், முன்சுவர் ஆகிய தகடுகள் 5000 வரிசை. பெரும்பாலும் 5083 அல்லது அதற்கு நெருங்கிய கலவை. மேல் ரெயில், கீழ் ரெயில், பக்கத் தூண்கள், குறுக்குச் சட்டங்கள் ஆகிய எக்ஸ்ட்ரூஷன்கள் (அச்சு வழியே தள்ளி எடுத்த நீளப் பட்டைகள்) 6000 வரிசை; 6061-டி6 அல்லது 6082-டி6. இந்த டி6 என்பது பெயர் அல்ல, பக்குவம். ஆலையில் சூடாக்கி, தண்ணீரில் குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைத்து ஏற்றிய வலிமை. அதை மீண்டும் சூடாக்கினால் ஏறிய வலிமை இறங்கிவிடும். 6061-டி6 சுமார் 240 மெகாபாஸ்கல் வரை வளையாமல் தாங்கும். வெல்டிங்கை ஒட்டிய இடத்தில் அது ஏறத்தாழ 115க்கு வந்துவிடும். பாதிக்கும் கீழே. இந்தத் தளர்ந்த பட்டை ஒட்டின் இரு பக்கமும் 20 முதல் 30 மி.மீ. அகலம் ஓடும். 5083 தகட்டுக்கும் இழப்பு உண்டு, ஆனால் குறைவு. எச்116 பக்குவத்தில் 215 இருந்தது சுமார் 150க்கு வரும்.

இது வெல்டிங்குக்கே இப்படி. கேஸ் தீபம் காட்டி நிமிர்த்தினால், 20 மி.மீ. அல்ல, ஒரு சாண் அகலத்துக்கு ரெயில் முழுவதும் மெத்தென்று ஆகிவிடும். அசிட்டிலின் கரியைப் பூசி, அது எரிந்து மறையும் வரை சூடாக்கினால் அலுமினியம் சொன்னபடி வளையும் என்று ஒரு கைப்பக்குவம் பட்டறைகளில் உண்டு. உண்மைதான், வளையும். ஏனென்றால் அந்தச் சூடு கிட்டத்தட்ட 400 டிகிரி. உலோகத்தை முழுக்க இளக்குவதற்கான சூடு அது. பாத்திரம் தட்டுபவருக்கு அது வரம், டிப்பர் ரெயிலுக்குச் சாபம். 230 டிகிரியில் சில நிமிடம் நின்றாலே டி6 பக்குவம் கரையத் தொடங்கிவிடும். அலுமினியம் சூட்டில் நிறமும் மாறாது. எஃகு போலச் சிவந்து எச்சரிக்காது. நிமிர்ந்த ரெயில் பார்க்க நேராக இருக்கும், பெயின்ட் அடித்தால் அழகாகவும் இருக்கும். அடுத்த முறை நிறைசுமையோடு தூக்கும்போது அதே இடத்தில் மடியும்.

அதனால் இந்த வேலையின் மையம் வெல்டிங் திறமை மட்டும் இல்லை. சூடு படும் இடத்தை நாம் தேர்ந்தெடுப்பதுதான். சுமை குறைவாக வரும் இடத்தில் வெட்டி, சுமை அதிகம் வரும் இடத்தில் புது உலோகத்தைச் சூடு படாமல் நிறுத்த வேண்டும்.

வெட்டுவதற்கு முன் அளவு. இன்ஷூரன்ஸ் உண்டென்றால் சர்வேயர் பார்க்கும் முன் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில்) 75 சதவீதத்தைத் தாண்டினால் அவர்கள் முழு இழப்பு என்ற கணக்குக்குப் போவார்கள். உள்ளே மறைந்திருக்கும் சேதம் பிறகு தெரிந்தால் கூடுதல் மதிப்பீடு கொடுக்கலாம் என்பதை முதல் நாளே எழுத்தில் சொல்லி வையுங்கள். டிப்பரில் பாதிச் சேதம் லைனரை (பாடிக்குள் விரித்த உள் தகட்டை) கழற்றிய பிறகுதான் கண்ணில் படும்.

பாடியைக் கழுவி உலர்த்துங்கள். காஸ்டிக் சோடா, ஆசிட் இரண்டும் வேண்டாம். இரண்டுமே அலுமினியத்தைத் தின்னும். பிறகு பாடியைச் சேசிஸிலிருந்து பிரித்துத் தனியாக வையுங்கள். ஜாக்கி "மேலே ஏறுகிறதா பார்ப்போம்" என்று ஒரு முறைகூட இயக்காதீர்கள். வளைந்த கட்டத்தோடு (ஜாக்கியின் அடுக்குக் குழாய்களில் ஒன்றோடு) ஏற்றினால் உள்ளே இருக்கும் எல்லாக் குழாயையும் கீறிவிடும்.

சேசிஸ் முதலில். நான்கு ஸ்டாண்டில் வைத்து, கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபால் நான்கு மூலையும் மட்டம் பாருங்கள். ரசமட்டத்தை விட இந்த நீளத்துக்கு அது நம்பகமானது. முன் மூலைகளை மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகு, பின் மூலைகளில் 5 மி.மீ.க்கு மேல் ஏற்றத்தாழ்வு இருந்தால் சேசிஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அடுத்து கிங் பின்னின் (டிரெய்லரை டிராக்டரோடு கோர்க்கும் பின்) நடுவிலிருந்து முதல் ஆக்ஸிலின் இரு முனைக்கும் தூக்குகுண்டு விட்டுத் தரையில் குறித்து அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு நூலுக்குள், அதாவது 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கிங் பின்னை மூலைமட்டம் வைத்து நிமிர்வு பாருங்கள். புதிதில் 50.8 மி.மீ. விட்டம் உள்ள பின், 49க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். கிங் பின்னில் வெல்டிங் வைத்து ஊட்டம் கொடுப்பது என்ற பேச்சே கூடாது.

இனி பாடி. உட்புறம் மூலைவிட்டங்களை மூன்று இடத்தில் எடுங்கள்: தரை மட்டத்தில், மேல் ரெயில் மட்டத்தில், பின்கதவு வாயில். 9 மீட்டர் பாடியில் மேல் மூலைவிட்ட வித்தியாசம் 10 மி.மீ.க்குள் என்றால் நல்லது. 40, 50 மி.மீ. இருந்தாலும் பயப்பட வேண்டாம், மேல் ரெயில் மடிந்ததால் வரும் கணக்கு அது. தரை மட்டத்தில் அதே வித்தியாசம் இருந்தால்தான் கவலை.

என் கணிப்பில் மீட்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது கீழ் ரெயில்தான். பாடி எழும்பும்போது முன்னால் ஜாக்கி, பின்னால் கீல், இடையில் தொங்குவது கீழ் ரெயிலும் தரையும். ஒரு கீழ் ரெயில் கீலுக்கு அருகே மடிந்து, தரைத் தகடும் அங்கே கிழிந்திருந்தால், அந்த இடத்தில் எந்த ஒட்டும் நீடிக்காது. சேசிஸை வைத்துக்கொண்டு பாடியை எடைக்குப் போடுங்கள். இரண்டு கீழ் ரெயிலும் நேராக இருந்து, மேல் ரெயில், ஒரு பக்கத் தகடு, சில தூண்கள், ஒரு கீல் என்றால் தாராளமாகக் கட்டலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டாவது வகை. கீல் பக்கம் மட்டும் சந்தேகம்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க டி.பி. டெஸ்ட், அதாவது சாயம் ஊற விட்டு விரிசலைக் கண்டுபிடிக்கும் சோதனை. சிவப்புச் சாயம், கிளீனர், வெள்ளை டெவலப்பர் என்று மூன்று டப்பா கிடைக்கும். சாயத்தை 10 முதல் 15 நிமிடம் ஊற விட்டு, துணியால் துடைத்து, டெவலப்பர் தெளியுங்கள். கீல் தட்டைச் சுற்றி, ஜாக்கி தாங்கும் முன்சுவர்ப் பெட்டியைச் சுற்றி, ஒவ்வொரு தூணின் அடியிலும், குறுக்குச் சட்டம் கீழ் ரெயிலில் சேரும் இடத்திலும் அடியுங்கள். சாய்ந்தது இடப்பக்கம் என்றாலும் வலப்பக்கக் கீலை மறக்காதீர்கள். பாடி இடப்பக்கம் விழும்போது தூக்கிக்கொண்டு பிய்ந்து வர இழுபட்டது வலது கீல்தான். கண்ணுக்குக் கோணலாகத் தெரிவது ஒன்று, விரிசல் விட்டிருப்பது மற்றொன்று என்று இருப்பது இதில் சகஜம்.

தரைத் தகடு கனமும் இப்போதே பார்க்க வேண்டியது. 6 அல்லது 8 மி.மீ. போட்டிருப்பார்கள், பின்பக்க ஒரு மீட்டர்தான் அதிகம் தேயும். அல்ட்ராசோனிக் கருவியை எஃகுக்கான வேகத்தில், அதாவது 5,920 மீட்டரில் வைத்தே அலுமினியத்தை அளந்தால் உண்மையை விட ஆறு சதவீதம் குறைத்துக் காட்டும். அலுமினியத்துக்கு 6,320 மீட்டர் என்று மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். 6 மி.மீ. தரை 4க்கு வந்திருந்தால் பக்கத் தகடு மாற்றும்போதே பின்பக்கத் தரையையும் மாற்றிவிடுவது லாபம். அதே ஜிக் (பாடியைப் பிடித்து நிறுத்தும் சட்டம்), அதே ஆள்.

பொருள் வாங்குவதில் ஏமாறாமல் இருங்கள். பாரிமுனைப் பக்கம் கடைகளில் அலுமினிய செக்‌ஷன் என்று கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் ஜன்னல், கதவுக்கான 6063. பார்க்க 6061 போலவே இருக்கும். வலிமை கணிசமாகக் குறைவு, வெல்டிங் வைத்த பிறகு இன்னும் மோசம். மேல் ரெயிலுக்கு அதே எக்ஸ்ட்ரூஷன் பாடி கட்டிய நிறுவனத்திடம் கிடைத்தால் அதுதான் சிறந்தது. இல்லையென்றால் அதே அளவு அல்லது ஒரு படி பெரிய 6061-டி6 அல்லது 6082-டி6 செவ்வகக் குழாய். ஆலைச் சோதனைச் சான்று இல்லாமல் எதையும் ஏற்றாதீர்கள். பழைய துண்டையும் புதுத் துண்டையும் கையடக்க எக்ஸ்ரே கருவியில் காட்டினால் கலவை சில விநாடியில் தெரியும். உலோகச் சோதனைக் கூடங்களில் அது சாதாரண வேலை.

எஃகு ஆங்கிளை வைத்து போல்ட் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை கட்டாயம் வரும். எண்ணூர், காட்டுப்பள்ளி ஓடுகிற வண்டிக்கு அது வேண்டாம். உப்புக்காற்றில் எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம். துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும், போல்ட் ஆடும், துளை பெரிதாகும். தூணுக்கு எஃகுக்குப் பதில் அதே அளவு அலுமினியம் போடுவதும் தப்புக்கணக்கு. அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கு. அதே சுமைக்கு மூன்று மடங்கு வளையும்.

ஒரு பக்கம் முழுவதும் 9 மீட்டர், 1.5 மீட்டர் உயரம், 5 மி.மீ. கனம் என்றால் தகடு சுமார் 180 கிலோ. வெல்டிங் கம்பி கணக்குப்படி மூன்று கிலோகூட ஆகாது. 7 கிலோ ஸ்பூல் ஒன்று போதும். இருந்தாலும் இரண்டு வகை வாங்க வேண்டும், கீழே சொல்கிறேன். ஆர்கான் 7 கனமீட்டர் சிலிண்டர் நிமிடத்துக்கு 18 லிட்டர் வீதம் ஆறரை மணி நேரம் வரும். கணக்குக்கு ஒன்றே போதும். வேலை நடுவில் நிற்காமல் இருக்க இரண்டு வையுங்கள்.

இழுத்து நிமிர்த்துவது குளிர்ந்த நிலையில்தான். கொஞ்சமாக உள்வாங்கிய தகடு, தூண் ஆகியவற்றைப் போர்ட்டா பவர் (கைப்பம்ப் ஹைட்ராலிக் தள்ளி) வைத்துத் தள்ளலாம். சங்கிலியை நேராக ரெயிலில் சுற்றாதீர்கள், மரக்கட்டை அல்லது பெல்ட் போடுங்கள். விழுந்த வண்டியைக் கிரேன் தூக்கியபோது சங்கிலி அறுத்த தழும்பு மேல் ரெயிலில் இருந்தால், அதையும் வெட்ட வேண்டிய நீளத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அலுமினியம் எஃகை விட அதிகமாகத் திரும்பி வரும், அதனால் வேண்டிய இடத்தைத் தாண்டி இழுத்து விட வேண்டியிருக்கும். ஆனால் கூர்மையாக மடிந்த இடத்தை இழுத்து நேராக்காதீர்கள். மடிப்பு ஒரு முறை, நிமிர்த்தல் ஒரு முறை. இரண்டாவதில் விரிசல் விடும். உங்கள் மேல் ரெயிலின் இரண்டு மடிப்பும் இந்த வகை. வெட்டி எடுங்கள்.

வெட்டும் முன் பாடியின் உள்ளே குறுக்காக மூன்று, நான்கு எஃகுக் குழாய்களைத் திருகு ஜாக்கியோடு வைத்து அகலத்தைப் பூட்டுங்கள். இல்லையென்றால் ரெயிலை அறுத்த நிமிடம் பாடி தன் இஷ்டத்துக்குத் திறந்துகொள்ளும். அறுப்பதற்குக் கார்பைடு பல் வைத்த வட்ட ரம்பம். பிளாஸ்மாவில் வெட்டினால் 6000 வரிசை விளிம்பில் 3 மி.மீ. ராவி எடுக்க வேண்டும், அங்கே நுண் விரிசல் இருக்கும். எஃகு தேய்த்த கல், எஃகு தேய்த்த பிரஷ் இரண்டும் அலுமினியத்தின் பக்கம் வரக் கூடாது.

மேல் ரெயிலுக்கு வருவோம். இரண்டு மடிப்பையும் தனித்தனியாக வெட்டி இரண்டு துண்டு செருகினால் நான்கு ஒட்டு, நான்கு பலவீனம். அதற்குப் பதில் முன்பக்கத்திலிருந்து முதல் அல்லது இரண்டாம் தூண் இடைவெளியில் ஒரே ஒரு வெட்டு. அங்கிருந்து பின் மூலை வரை ஒரே நீளப் புது ரெயில். பாடி எழும்பும்போது மேல் ரெயிலில் அமுக்கம் அதிகம் வருவது நீளத்தின் நடுவில். அங்கே புது, சூடு படாத உலோகம் நிற்கும். கூடுதலாகச் செலவாகும் ஐந்தாறு மீட்டர் ரெயில், நாலு ஒட்டின் தலைவலியை விட மலிவு.

வெட்டு நேர்குறுக்காக வேண்டாம், 45 டிகிரி சாய்வாக. அப்போது தளர்ந்த பட்டை முழுவதும் ஒரே குறுக்குவெட்டில் வராமல் பரவிவிடும். ரெயிலுக்குள் ஒன்று ஒன்றரை மி.மீ. இடைவெளியோடு நுழையும் 6061-டி6 உறை, 150 மி.மீ. ஆழ ரெயில் என்றால் ஒட்டின் இரு பக்கமும் 300 மி.மீ. நீளம். உறையைப் பிடிக்க 20 மி.மீ. துளைகள் போட்டு, அவற்றின் விளிம்பைச் சுற்றிப் பற்றவையுங்கள். துளைகள் ஒரே வரிசையில் வராமல் மாற்றி மாற்றி. ரெயில் ஒட்டுக்கு நேர் கீழே தகட்டின் செங்குத்து ஒட்டு வரக் கூடாது, குறைந்தது ஒரு தூணாவது தள்ளியிருக்கட்டும்.

மேலே தகடு வைத்து ஒட்டுப்போடும் பழக்கம் இருக்கிறதே, அதில் ஒரு வார்த்தை. கீழ் ரெயிலின் அடிப்பகுதியில் சதுரத் தகடு வைத்துச் சுற்றிலும் பற்றவைத்தால், அதன் குறுக்கு விளிம்பில்தான் அடுத்த விரிசல் புறப்படும். வைத்தே ஆகவேண்டும் என்றால் படகு போல இரு முனையும் கூம்பிய வடிவத்தில் வெட்டி, நீளவாட்டில் மட்டும் பற்றவைத்து, கூர்முனையை விட்டுவிடுங்கள். பக்கத் தகட்டில் சன்னல் வெட்டி மாற்றினாலும் மூலைகள் குறைந்தது 50 மி.மீ. ஆரத்தில் உருண்டையாக இருக்க வேண்டும். தூணுக்கும் ஒட்டுக்கும் இடையே 50 முதல் 75 மி.மீ. இடைவெளி. சிறு விரிசலை மட்டும் மூடுவதென்றால், சாயம் காட்டும் நுனியைத் தாண்டி ஒரு 6 மி.மீ. துளை போட்டு, வி-வடிவில் குடைந்து, பின்பக்கம் பட்டை வைத்துப் பற்றவையுங்கள்.

கம்பி. 6061ஐயும் 5083ஐயும் சேர்க்க 5356. 5083 தகட்டோடு 5083 தகடு என்றால் 5183. இன்ஜின் கேஸ், கியர்பாக்ஸ் ஆர்கான் வெல்டிங் செய்யும் கடைகளில் கையில் இருப்பது 4043. பளபளவென்று ஓடும், பார்க்க அழகு. ஆனால் 5083இல் இருக்கும் மக்னீசியத்தோடு அதிலுள்ள சிலிக்கான் சேர்ந்து நொறுங்கும் கலவையாகிவிடும். அந்தக் கம்பியை இந்த வேலையிடத்துக்குள்ளேயே விடாதீர்கள். வண்டி சூடான தார்க்கலவையும் ஏற்றும் என்றால் கணக்கு வேறு: 65 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடாகும் இடத்தில் 5083ம் 5356ம் நாளடைவில் அரிப்பு விரிசலுக்கு ஆளாகும். அதற்குத் தரையே 5454, கம்பி 5554.

இயந்திரம் மிக் (கம்பியைத் தானே ஊட்டும் வெல்டிங்), 1.2 மி.மீ. கம்பி, ஸ்பூல் கன் அல்லது புஷ்-புல் கன், யு-வடிவ உருளை, டெஃப்ளான் லைனர். எஃகுக்கு ஓட்டிய சி.ஓ.2 சிலிண்டரும், ஆர்கானோடு சி.ஓ.2 கலந்த சிலிண்டரும் ஆகாது. சுத்த ஆர்கான் மட்டும். 5 மி.மீ. தகட்டில் 170 முதல் 200 ஆம்பியர், 22 முதல் 24 வோல்ட், 8 மி.மீ.க்கு 220 முதல் 250. பயந்து ஆம்பியரைக் குறைத்து வைத்தால் மேலே மாலை போல அழகாக உட்காரும், அடியில் பிடித்திருக்காது. கன் எப்போதும் தள்ளும் கோணத்தில், இழுத்தால் கரிபடியும். வேலை தொடங்கும் முன் அதே கனத் துண்டுகளில் ஒரு டி-ஒட்டுப் போட்டு, வைஸில் கட்டி ஒரு பக்கமாக அடித்து உடையுங்கள். உடைந்த முகத்தில் அடிமூலை வரை உருகியிருக்கிறதா, ஊசித்துளை எத்தனை என்று பாருங்கள். இந்தச் சோதனைக்கு மறுக்கும் வெல்டரிடம் மேல் ரெயிலைக் கொடுக்காதீர்கள்.

ஊசித்துளைதான் வட சென்னையில் அதிகம் படுத்தும். காரணம் ஈரம். உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை நிறையக் குடிக்கும், உறையும்போது வெளியே விட முடியாமல் குமிழாகப் பிடித்துவைக்கும். ஹைட்ரஜன் வருவது தண்ணீர், எண்ணெய், கிரீஸ் ஆகியவற்றிலிருந்து. திறந்த ஸ்பூலை இரவெல்லாம் இயந்திரத்திலேயே விட்டுவிட்டு மறுநாள் ஓட்டுவது, மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டி வெள்ளைக் கறை பிடித்த தகட்டை அப்படியே பற்றவைப்பது இரண்டும் ஊசித்துளைக்கு அழைப்பு. ஸ்பூலைக் கழற்றிச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். தகடுகளை நிற்க வைத்து, இடையில் கட்டை கொடுங்கள். சுத்தம் செய்யும் வரிசை முக்கியம்: முதலில் அசிட்டோன், பிறகு ஸ்டெயின்லெஸ் பிரஷ். மாற்றிச் செய்தால் பிரஷ் எண்ணெயை உலோகத்துக்குள் தேய்த்துவிடும். பிரஷ் எடுக்கும் ஆக்சைடு படலம் 2,000 டிகிரி தாண்டித்தான் உருகும், கீழே உள்ள அலுமினியம் 660க்குள் உருகிவிடும். அதனால் அதை எடுக்காமல் பற்றவைத்தால் ஓட்டுக்குள் தண்ணீர் போல ஓடும், சேராது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரை அசிட்டோனுக்குப் பதில் பயன்படுத்தக் கூடாது; ஆர்க் பட்டால் நச்சுவாயு.

மதியம் கடற்காற்று எழும்பியதும் ஆர்கான் உறை கலைந்துவிடும். ரெயில் ஒட்டு, கீல் ஆகிய முக்கிய வேலையைப் பனி உலர்ந்த பிறகு காற்று எழும்பும் முன் முடித்துக்கொள்ளுங்கள், அல்லது மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் திறந்த வெளியில் எடுக்கவே வேண்டாம். ஈரம் போக லேசாகச் சூடு காட்டலாம், 5083இல் 65 டிகிரியைத் தாண்டாமல். இன்ஃப்ராரெட் கன் பளபளப்பான அலுமினியத்தில் உண்மையை விட மிகக் குறைத்துக் காட்டும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் அளந்து பாருங்கள்.

தகட்டைப் பூட்டி, 75 முதல் 100 மி.மீ.க்கு ஒரு டேக் (பிடித்து நிறுத்தும் சிறு புள்ளி ஒட்டு). நடுவிலிருந்து இரு முனைக்கும், 200, 250 மி.மீ. துண்டாக விட்டு விட்டுப் பற்றவையுங்கள். அலுமினியம் சூட்டில் எஃகைப் போல இரண்டு மடங்கு விரியும். ஒரே ஓட்டமாக 9 மீட்டர் ஓட்டினால் தகடு அப்பளம் போல நெளியும். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் குழி விழாமல் நிரப்பி முடிக்க வேண்டும், அந்தக் குழியில் நட்சத்திர விரிசல் நிச்சயம். தூண்களை விட்டு விட்டுப் பற்றவைத்தால் இடைவெளியில் பி.யூ. சீலன்ட் பூசுங்கள், உப்புத் தண்ணீர் உள்ளே நிற்காது.

கீலுக்கு ஒரே முறைதான் சரி: இரண்டு கீல் துளையையும் ஒரே நேர்த்தண்டு கடக்க வேண்டும். புது புஷ் போட்டு, முழு அகலத்துக்கும் ஒரே டம்மி தண்டைச் செருகி, கையால் சுழல்வதை உறுதி செய்தபிறகே தட்டைப் பொருத்துங்கள். தண்டு உள்ளேயே இருக்கும்போது டேக், முடிந்தபிறகும் சுழல வேண்டும். தட்டு எஃகு என்றால் இடையில் எபாக்ஸி பிரைமரும் நைலான் அல்லது நியோப்ரின் தாளும், போல்ட்டுக்கு நைலான் புஷ்ஷும். காப்பர் கலந்த கிரீஸ் அங்கே வேண்டாம்.

ஜாக்கியை ஜாக்கி பட்டறைக்கே அனுப்புங்கள். வளைந்த கட்டத்தை நிமிர்த்தி வாங்காதீர்கள், மாற்றச் சொல்லுங்கள். ஆயில் டேங்கைக் கழுவி, ஃபில்டர் புதிது. பிரேக் லைன், விளக்கு வயர், பின் பாதுகாப்புச் சட்டம், ஒளிரும் டேப் எல்லாம் எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) எப்படியும் வேண்டியவை. பாடி நீளமோ உயரமோ பழையதிலிருந்து மாறினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி அது மாற்றம், ஆர்.டி.ஓ. அனுமதி தேவை. "இவ்வளவு செலவு பண்ணியாச்சு, பலகையை ஓரடி ஏத்திடலாம்" என்ற ஆசைக்கு இடம் தராதீர்கள்.

வேலையாட்களுக்குச் சில எச்சரிக்கை. ஆர்கான் காற்றை விடக் கனம், பாடிக்குள் அடியில் தேங்கும். உள்ளே பற்றவைப்பவருக்குப் பின்கதவு திறந்தும் மின்விசிறி ஓடியும் இருக்க வேண்டும். அலுமினியத் தூள் வெடிக்கும், துருவோடு சேர்ந்தால் இன்னும் ஆபத்து. எஃகும் அலுமினியமும் ஒரே இடத்தில் தேய்க்காமல் தினமும் கூட்டுங்கள். தூக்கிய பாடியின் கீழே முட்டுக்கட்டை இல்லாமல் தலை நுழையக் கூடாது. டிராக்டர் கோர்த்த நிலையில் பற்றவைத்தால் பேட்டரியும் ஏ.பி.எஸ். இணைப்பும் கழற்றி, எர்த் கிளாம்பை ஒட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். எங்கோ சேசிஸில் மாட்டினால் கரன்ட் வீல் பேரிங் வழியாகப் போகும்.

கடைசியாக, வண்டி ஏன் சாய்ந்தது என்பதைத் தீர்க்காமல் வெளியே விடாதீர்கள். ஈரச் சாம்பல் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் வழுக்கி இறங்கினால் பாரம் ஒருபுறம் நின்றுவிடும். இடப்பக்க லீஃப் ஒன்று உடைந்திருந்தாலோ டயரில் காற்று குறைந்திருந்தாலோ மீதியைச் செய்துவிடும். தரையில் 10 மி.மீ. யு.எச்.எம்.டபிள்யூ. பிளாஸ்டிக் லைனர் போட்டால் ஈரச் சரக்கு வழுக்கி வரும். ஆனால் அது வெயிலில் அலுமினியத்தை விட எட்டு மடங்கு விரியும்: 9 மீட்டரில் 30 டிகிரி மாற்றத்துக்கு லைனர் 54 மி.மீ. நகரும், தரை 6 மி.மீ.தான் நகரும். முன்பக்கம் மட்டும் இறுகப் பூட்டி, மற்றது நீள்துளையில் மிதக்கட்டும். எல்லா போல்ட்டையும் இறுக்கியவர்களுக்கு முதல் கோடையிலேயே லைனர் முதுகு தூக்கிக் காட்டும்.

முதல் தூக்கல் காலியாக, மட்டமான கான்கிரீட் தரையில், முழு உயரத்துக்கு மூன்று முறை. இரண்டு பக்கமும் ஆள் நின்று பாடிக்கும் சேசிஸுக்கும் இடைவெளி சமமாக எழுகிறதா பாருங்கள். அடுத்து அரைச் சுமை, பிறகு முழுச் சுமை. கீல் தட்டு, ரெயில் ஒட்டு, ஜாக்கிப் பெட்டி மூன்றிலும் முழுச் சுமைக்குப் பிறகு ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை டி.பி. டெஸ்ட். வீல் நட்டை முதல் 100 கிலோமீட்டருக்குள் டார்க் ரெஞ்சில் மறுபடி இறுக்குங்கள். டெஸ்டில் எங்காவது மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தால் அதன் மேலேயே இன்னொரு ஓட்டம் ஓட்டாமல், குடைந்து எடுத்துவிட்டுப் பற்றவையுங்கள்.